முதலில் காகிதம், பிறகு மனு

கேள்வி: திருச்சியில் ஒரு சீனியரிடம் மூன்று ஆண்டுகளாக ஜூனியராக இருக்கிறேன். பாகப்பிரிவினை, காசோலை, ஜீவனாம்சம் என்றுதான் இதுவரை ஓடியிருக்கிறது. மனித உரிமை வழக்குகளில் சட்டக் கல்லூரி நாள்களிலிருந்தே ஆர்வம் உண்டு. சென்ற மாதம் கொட்டப்பட்டு இலங்கை அகதிகள் முகாமிலிருந்து ஓர் அம்மா என்னைத் தேடி வந்தார். 1980இல் வவுனியாவில் பிறந்து, 1990இல் பெற்றோருடன் படகில் வந்தவர். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன குடும்பம். கணவர் இந்தியர், இங்கேயே பிறந்தவர். மகன் 2003இல் பிறந்தவன். அவனுக்கு வாக்காளர் அட்டை கிடைத்துவிட்டது. மகள் 2005 மார்ச்சில் பிறந்தவள். நர்சிங் டிப்ளமா முடித்திருக்கிறாள். அவளுடைய பாஸ்போர்ட் விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். ‘மகளுக்குக் குடியுரிமை வாங்கித் தாருங்கள்’ என்கிறார். கட்டணம் வாங்காமல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போடத் தயாராக இருக்கிறேன், வரைவையும் இணைத்திருக்கிறேன். ‘அகதி கேஸைத் தொட்டால் கியூ பிரிவு உன் வாசலில் நிற்கும்’ என்று காவல்துறையின் உளவுப் பிரிவைச் சொல்லிப் பயமுறுத்துகிறார் சீனியர். மனுவைப் போடலாமா? இந்த வேலையைத் தொடர்ந்து செய்ய வேண்டுமானால் எங்கே தொடங்குவது, யாரைப் பார்ப்பது?

பதில்:

அன்புள்ள வழக்கறிஞருக்கு,

இந்த வேலைக்கு அவசியம் வாருங்கள். ஆனால் அந்த மனுவை இப்போது போடாதீர்கள்.

உங்கள் வரைவை இரண்டு முறை படித்தேன். மொழி நன்றாக இருக்கிறது. சமத்துவம், உயிர்வாழும் உரிமை ஆகியவற்றைச் சொல்லும் அரசமைப்புச் சட்டத்தின் 14, 21ஆவது பிரிவுகளைப் பற்றிய பத்திகளில் உழைப்பு தெரிகிறது. ஆனால் மூன்றாவது பத்தியின் முதல் வரியிலேயே வழக்கு முடிந்துவிடுகிறது: ‘மனுதாரரின் தாயார் இலங்கைப் பிரஜை’ என்று எழுதியிருக்கிறீர்கள். இதை யார் உங்களிடம் சொன்னார்கள்? அந்த அம்மா சொல்லியிருக்க மாட்டார். முகாமிலிருந்து வந்தவர், படகில் வந்தவர், ஆகவே இலங்கைப் பிரஜை என்று நீங்களே எடுத்துக்கொண்டீர்கள். பிரமாண வாக்குமூலத்தில் ஒரு முறை ஏறிய வரியைப் பிறகு எந்த நீதிமன்றத்திலும் எளிதாக இறக்க முடியாது.

ஏன் என்று விளக்குகிறேன். குடியுரிமைச் சட்டத்தின் 3ஆவது பிரிவைத் தேதிகளோடு படியுங்கள். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்புவரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்த வரியை வைத்துத்தான் மதுரைக் கிளை 2022இல் பாஸ்போர்ட் வழங்கச் சொன்னது. அவர் வசிப்பதும் உங்கள் கொட்டப்பட்டு முகாமில்தான். 2024 மக்களவைத் தேர்தலில் முதன்முறையாக வாக்களித்தார். 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 3க்கு முன்புவரை பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும். உங்கள் கட்சிக்காரரின் மகன் இந்தக் கட்டத்துக்குள் வருகிறான். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவர்களுக்கு இருவரும் இந்தியராக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி ஆகாதவராகவும் இருக்க வேண்டும். மகள் பிறந்தது 2005 மார்ச். மூன்று மாதங்கள் தாமதம். ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே தகரக் கூரையின் கீழ் வளர்ந்த இரண்டு பிள்ளைகளில் ஒருவன் இந்தியன், மற்றவளுக்கு நாடு எதுவென்று தெரியாது. இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் யாரும் முகாமில் ஒரு நாள் தங்கியிருக்க வாய்ப்பில்லை, அது போகட்டும்.

ஆகவே மகளின் வழக்கு முழுவதும் தாயின் நிலையைப் பொறுத்தது. உங்கள் வரைவு அந்த நிலையை எதிர்த்தரப்பு கேட்காமலேயே விட்டுக்கொடுத்துவிடுகிறது.

தாயின் குடும்பம் தோட்டத்துக்குப் போன குடும்பம் என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். என் கண் அங்கேதான் நின்றது. 1948இல் இலங்கை இயற்றிய பிரஜாவுரிமைச் சட்டம் இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்குப் போன மலையகத் தமிழர்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலைக்கணக்குப் போட்டுப் பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்து, அது கிடைத்து, இந்தியப் பாஸ்போர்ட்டும் கையில் வைத்திருந்து, கப்பல் ஏறாமலேயே அங்கே தங்கிவிட்ட குடும்பங்கள் உண்டு. 1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டு வவுனியாப் பக்கம் இறங்கிக் குடியேறியவர்களில் இப்படிப்பட்டவர்களும் இருந்தார்கள். உங்கள் கட்சிக்காரர் 1980இல் வவுனியாவில் பிறந்தவர் என்பதைப் படித்ததும் எனக்கு இந்தச் சந்தேகம் வந்ததில் வியப்பில்லை.

அந்த அம்மாவின் தகப்பனார் 1980க்கு முன்பே இந்தியக் குடிமகனாகப் பதிவாகியிருந்தால் என்ன ஆகும்? நம் குடியுரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவைப் பாருங்கள். 1950 ஜனவரி 26 முதல் 1992 டிசம்பர் 10க்கு முன்புவரை வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்கு, பிறக்கும்போது தகப்பன் இந்தியக் குடிமகன் என்றால், வம்சாவளியால் குடியுரிமை உண்டு. அப்படியானால் தாயும் இந்தியர், தந்தையும் இந்தியர். மகள் பிறப்பிலேயே இந்தியர். நீங்கள் கருணை கேட்டு நிற்க வேண்டிய அவசியமே இல்லை.

அப்படித்தான் இருக்கும் என்று நான் சொல்லவில்லை; அந்த வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்க்காமல் மனுவை எழுதக் கூடாது என்று சொல்கிறேன். என்னவெல்லாம் தேட வேண்டும்? கண்டியிலிருந்த இந்தியத் துணைத் தூதரகம் வழங்கிய பழைய பாஸ்போர்ட், அதன் கிழிந்த ஓர் ஏடானாலும் சரி. தாயகம் திரும்புவோருக்குக் கொடுத்த குடும்ப அட்டை. தோட்டத்துச் சேமலாப நிதிக் (வருங்கால வைப்பு நிதி) காகிதம். தாயின் இலங்கைப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் பெற்றோரின் இனம் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் ‘இலங்கைத் தமிழர்’ என்று இருக்கிறதா, ‘இந்தியத் தமிழர்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். அது மட்டும் குடியுரிமைக்குச் சான்றாகாது, ஆனால் அடுத்து எங்கே தேட வேண்டும் என்பதைச் சொல்லும். பத்திரம் சிங்களத்தில் இருந்தால் மொழிபெயர்ப்பாளரின் கையொப்பத்துடன் பெயர்ப்பு வாங்குங்கள். தெரிந்தவர் ஒருவர் வாயால் படித்துச் சொன்னதை நம்பாதீர்கள். பெரியம்மா, சித்தப்பா யாராவது 1970களிலேயே கப்பலில் ராமேஸ்வரம் வந்து இறங்கி, இன்று நீலகிரியில் அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டத்திலோ வேறெங்கோ இருக்கலாம். அவர்களிடம் இருக்கும் அட்டையில் இந்த அம்மாவின் தகப்பன் பெயரும் இருந்தால் வழக்கின் பாதி வேலை முடிந்தது.

1990இல் மண்டபத்தில் பதிவு செய்தபோது அதிகாரிகள் குடியுரிமை என்ற இடத்தில் என்ன எழுதினார்கள் என்பதும் தெரிய வேண்டும். தகவல் உரிமைச் சட்டம் குடிமக்களுக்குத்தான் என்பதால் அந்த அம்மாவின் பெயரில் மனுச் செய்யாதீர்கள். கணவர் பெயரில் செய்யுங்கள். காகிதம் ஓரளவு சேர்ந்தபின், குடியுரிமைச் சட்டத்தின் 13ஆவது பிரிவு இருக்கிறது: ஒருவரது குடியுரிமையில் ஐயம் இருந்தால், அவர் குடிமகன்தான் என்று மத்திய அரசு சான்று வழங்கலாம். வழக்கறிஞர்கள் அதிகம் திறக்காத பிரிவு. முதல் விண்ணப்பம் தாய்க்காக, அந்தப் பிரிவின்கீழ். மகளின் பாஸ்போர்ட் பிறகு வரும்.

காகிதம் எதுவும் கிடைக்கவில்லை என்றால்? அப்போதும் வழி உண்டு, ஆனால் குறுகலான வழி. 2019 ஜூனில் மதுரைக் கிளை அளித்த தீர்ப்பைப் படியுங்கள். கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த இந்திய வம்சாவளியினர் 65 பேர் தொடுத்த வழக்கு அது. நீதிமன்றம் யாருக்கும் குடியுரிமை வழங்கவில்லை, வழங்கவும் முடியாது. ஆட்சியரிடம் விண்ணப்பம் கொடுக்கட்டும், அவர் மத்திய அரசுக்கு அனுப்பட்டும், அரசு பரிசீலித்து முடிவெடுக்கட்டும் என்றது. உங்கள் வரைவிலோ ‘மனுதாரரை இந்தியக் குடிமகளாக அறிவிக்க வேண்டும்’ என்று வேண்டுகோள் இருக்கிறது. முறையான விண்ணப்பமே கொடுக்காமல் அந்த அறிவிப்பைக் கேட்டால், பதிவுத்துறை எண் கொடுத்தாலும் முதல் விசாரணையிலேயே தள்ளுபடி ஆகலாம். மகளுக்குக் குடியுரிமைச் சட்டத்தின் 5ஆவது பிரிவின்கீழ்ப் பதிவு கேட்கும்போது, சட்டவிரோதக் குடியேறி என்றால் உரிய ஆவணமில்லாமல் இந்தியாவுக்குள் நுழைந்த, அல்லது நுழைந்து அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கிய அந்நியர் என்பதுதான் சட்டத்தின் வரையறை என்பதை எடுத்துச் சொல்லுங்கள். திருச்சி அரசு மருத்துவமனையில் பிறந்த குழந்தை எந்த எல்லையைத் தாண்டி நுழைந்தது? நல்ல வாதம். ஆனால் விண்ணப்பத்தை அதிகாரி நிராகரித்தால்தான் நீதிமன்றத்தில் இந்த வாதத்துக்கு உயிர் வரும்.

இப்போது அண்ணனுக்கு வருகிறேன். நீங்கள் மனுவைப் போட்டதும் எதிர்மனு வரும். அதைத் தயாரிக்க முகாம் பதிவேட்டைப் புரட்டுவார்கள். அந்தப் பையன் பெயர் பதிவேட்டில் அகதி என்று இருக்கிறதா? அவன் பெயரில் பணக்கொடை வாங்கப்படுகிறதா? வாக்காளர் அட்டைக்கு விண்ணப்பித்தபோது எந்த முகவரி கொடுத்தார்கள், தாயின் பெயரை எப்படி எழுதினார்கள்? அவன் சட்டப்படி இந்தியன்தான், சந்தேகமில்லை. ஆனாலும் அகதி என்று உதவித்தொகையும் இந்தியன் என்று ஓட்டும் என்று யாராவது ஒரு அதிகாரி கோப்பில் குறித்துவிட்டால், தங்கைக்குப் பாஸ்போர்ட் கேட்கப் போன குடும்பம் அண்ணனுக்கு முன்ஜாமீன் கேட்க வேண்டியிருக்கும். மனுவைத் தொடும் முன் அவன் பெயரை முகாம் பதிவிலிருந்து முறைப்படி நீக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். குடும்பத்துக்கு ஒரு தலைக்கான உதவித்தொகை குறையும். அதை முன்கூட்டியே அந்த அம்மாவிடம் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். வேண்டாம் என்றால் அது அவருடைய முடிவு.

கட்டணம் வாங்காமல் செய்யும் வேலையில் கவனம் இரட்டிப்பாக இருக்க வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான். பணம் கொடுத்த கட்சிக்காரர் ‘என்ன சார் இது’ என்று வந்து சண்டை போடுவார், கோப்பைப் பிடுங்கிக்கொண்டு வேறு வக்கீலிடம் போவார். இலவசமாகச் செய்துகொடுத்தவரிடம் முகாம்காரர் குரல் உயர்த்த மாட்டார். மனு தோற்றால் உங்களுக்கு ஒரு ‘தள்ளுபடி’. அவர்களுக்கு இன்னும் பத்து வருடம். அதுவும் தீர்ப்பு என்றால் அவர்களோடு நிற்காது, தமிழ்நாட்டின் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களிலுள்ள அத்தனை பேர் மீதும் விழும்.

2025 மே மாதத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் தண்டனை முடித்த ஓர் ஈழத் தமிழர், நாடுகடத்தலை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். இந்தியா ஒன்றும் தர்மசாலை அல்ல என்று அமர்வு சொன்னது, மனு தள்ளுபடியானது. மறுநாள் எல்லாப் பத்திரிகைகளிலும் அந்த ஒரு வாக்கியம்தான். அவருடைய வழக்கறிஞர்களை நான் குறை சொல்லவில்லை. விமானத்தில் ஏற்றப்படப் போகிறவருக்கு வேறு கதவு இருந்திருக்காது, அப்போது எந்த வழக்கறிஞரும் போய்த்தான் ஆக வேண்டும். உங்கள் கட்சிக்காரருக்கு அந்த நெருக்கடி இல்லை. அவசரம் உங்களுடையது.

அவசரம் உண்மையாக இருக்கும்போது எப்படி ஓட வேண்டும் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் பிலோவீலா என்ற ஊரிலிருந்த தமிழ்க் குடும்பத்தின் கதை இருக்கிறது. 2019 ஆகஸ்ட் 29 இரவு, அவர்களை மெல்பனில் தனி விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். விமானம் வானில் இருக்கும்போதே வழக்கறிஞர்கள் நீதிபதியைத் தொலைபேசியில் பிடித்துத் தடையாணை வாங்கினார்கள். விமானம் டார்வினில் இறங்கியது. 2022இல் குடும்பம் பிலோவீலாவுக்கே திரும்பியது. நள்ளிரவில் தடையாணை கேட்க முடிந்ததற்குக் காரணம், கோப்பு ஏற்கெனவே தயாராக இருந்தது. எந்தக் குழந்தையின் எந்த விண்ணப்பத்தில் முடிவு பாக்கி என்று அவர்களுக்குத் தெரியும்.

நம் நாட்டில் மனித உரிமை வழக்கறிஞர் நந்திதா ஹக்ஸரின் வழக்கைப் படியுங்கள். மியான்மர் ராணுவப் புரட்சிக்குப் பிறகு எல்லை ஊரான மோரே வழியாக வந்து ஒளிந்திருந்த ஏழு பேருக்காக 2021இல் மணிப்பூர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். ஆவணமில்லாமல் வந்தவர்கள், அதில் பத்திரிகையாளர்களும் உண்டு. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: ஐ.நா. அகதிகள் முகமையை அணுக டெல்லிவரை பாதுகாப்பாகப் போக வழி. குடியுரிமை, அகதிச் சட்டம், நாட்டின் கொள்கை எதையும் இழுக்கவில்லை. மே மாதத்தில் நீதிமன்றம் அதை அனுமதித்தது. உயிருக்கு ஆபத்துள்ள இடத்துக்குத் திருப்பி அனுப்பாமை என்ற கோட்பாடு அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவுக்குள் அடங்கும் என்றும் எழுதியது. சிறிதாகக் கேட்டுப் பெரிதாக வாங்கிய வழக்கு. அதற்கு ஒரு மாதம் முன்புதான், ஜம்முவிலிருந்த ரோஹிங்கியா அகதிகளுக்கு இடைக்கால நிவாரணம் தர உச்ச நீதிமன்றம் மறுத்திருந்தது. உரிய நடைமுறையைப் பின்பற்றாமல் நாடுகடத்தக் கூடாது என்பதோடு நிறுத்திக்கொண்டது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் இந்தத் துறையின் தட்பவெப்பம் புரியும்.

எது சட்டம் என்பதையும் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டம் இல்லை. 1946ஆம் ஆண்டு அந்நியர் சட்டம் போய், 2025 செப்டம்பர் 1 முதல் குடிவரவு மற்றும் அந்நியர் சட்டம் வந்திருக்கிறது. தான் அந்நியர் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு இன்னும் சம்பந்தப்பட்டவர் தலையிலேயே இருக்கிறது. கூடவே வந்த விலக்கு ஆணைப்படி, 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள்மீது பாஸ்போர்ட், விசா இல்லை என்ற காரணத்துக்கான தண்டனைப் பிரிவுகள் பாயாது. முகாமில் பலர் இதைக் குடியுரிமை வந்துவிட்டது என்று புரிந்துகொண்டிருக்கிறார்கள். வரவில்லை. அதைச் சொல்லும் கசப்பான வேலை உங்களுக்கு உண்டு. 2019 குடியுரிமைத் திருத்தத்தில் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் மட்டுமே இருக்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

திரும்பிப் போக விரும்புகிறவர்களும் உங்களிடம் வருவார்கள். அவர்களுக்கு வேலை இன்னும் நுணுக்கம். இந்தியாவில் பிறந்த பிள்ளையின் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்தால்தான் அங்கே பிரஜாவுரிமை கிடைக்கும். ஆனால் அந்தப் பதிவு, நாளை இங்கே இந்தியக் குடியுரிமை கேட்கும்போது எதிராக நிற்கும். ஒரு குடும்பத்துக்குள்ளேயே தாய் போக வேண்டும் என்பார், மகன் இங்கே என்பான். இருவருக்கும் நீங்கள் ஒருவரே வழக்கறிஞராக இருக்க முடியுமா என்று யோசியுங்கள். 2025இல் ஐ.நா. அகதிகள் முகமையின் ஏற்பாட்டில் நாடு திரும்பிய முதியவர் ஒருவரைப் பலாலி விமான நிலையத்தில் கைது செய்தார்கள். முன்பு ஆவணமில்லாமல் நாட்டை விட்டு வெளியேறினார் என்பது குற்றச்சாட்டு. இங்கே எழுதிய காகிதம் அங்கே இறங்கும்போது என்ன செய்யும் என்று யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ ஒரு வழக்கறிஞரிடம் கேட்டு வைத்துக்கொள்ளாமல் யாரையும் வழியனுப்பாதீர்கள்.

சீனியர் சொன்ன கியூ பிரிவு விஷயம். வரக்கூடும். விசாரிப்பார்கள், ‘யார் அனுப்பினார்கள்’ என்று கேட்பார்கள். பெயர், பதிவு எண், எந்தக் கட்சிக்காரருக்காக என்பதைச் சொல்லுங்கள்; கட்சிக்காரர் உங்களிடம் என்ன சொன்னார் என்பதைச் சொல்லாதீர்கள், அதைக் கேட்க அவர்களுக்கு உரிமையில்லை. முகாமுக்குள் சும்மா நுழையாதீர்கள். வக்காலத்தின் நகலோடு ஆட்சியருக்கும் முகாமைக் கவனிக்கும் வட்டாட்சியருக்கும் எழுதிவிட்டுப் போங்கள். இன்னும் நல்லது, அவர்களை உங்கள் அலுவலகத்துக்கு வரச் சொல்வது. முகாமில் ஆள் கணக்கெடுக்கும் சரிபார்ப்பு நாளன்று மட்டும் அழைக்காதீர்கள். அன்று ஆள் இல்லையென்றால் பதிவுக்கே ஆபத்து. யார் கூப்பிட்டு விசாரித்தாலும் தேதி, நேரம், பெயர் போட்டு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். உங்கள் சீனியரின் பயம் பழைய காலத்து அனுபவத்திலிருந்து வருவது. 1991க்குப் பிறகு தமிழ்நாட்டில் ஈழத்தவர் வழக்கைத் தொட்டவர்கள் பட்ட பாடு பொய்யில்லை. அவரைக் கோழை என்று நினைக்காமல், வரைவை அவரிடம் காட்டுங்கள். பாகப்பிரிவினை வழக்கில் நாற்பது வருடத்துப் பழைய காகிதத்தை எப்படிப் படிப்பது என்று அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்; இந்த வழக்குக்கு வேண்டியது அதுதான்.

வாக்குமூலம் எழுதும்போது ஒரு விஷயம். நீங்கள் எழுதியிருப்பது: ‘இனக்கலவரத்தின் கொடுமை தாங்காமல் உயிருக்கு அஞ்சி அகதியாக இந்தியா வந்தடைந்தோம்.’ அந்த அம்மாவிடம் கேட்டால் இப்படிச் சொல்ல மாட்டார். பத்து வயதுச் சிறுமி அவர். இந்திய ஆமி போய் மூன்று மாதத்தில் மறுபடி சண்டை வந்தது என்பார், மன்னாரில் எந்தக் கரையில் காத்திருந்தோம் என்பார், வள்ளத்துக்கு யார் நகையைக் கொடுத்தார்கள் என்பார். இந்தியப் படை 1990 மார்ச்சில் வெளியேறியது, ஜூனில் போர் மூண்டது. அவர் சொல்வதிலிருந்தே மாதம் கிடைத்துவிடுகிறது. தேதி கேட்டு நெருக்காதீர்கள். நெருக்கினால் உங்களைத் திருப்திப்படுத்த ஏதோ ஒரு தேதியைச் சொல்வார், அது மண்டபம் பதிவேட்டோடு முரண்படும், அரசு வழக்கறிஞர் அதைப் பிடித்துக்கொள்வார். மகளை வைத்துக்கொண்டு தாயிடம் கேட்க வேண்டாம். பிள்ளைகளிடம் சொல்லாத விஷயங்கள் இருக்கும். எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டி, அவர் ‘இல்லை, அது அப்படியில்லை’ என்று ஒரு இடத்திலாவது திருத்தும்வரை கையெழுத்து வாங்காதீர்கள். எதையும் திருத்தாமல் தலையாட்டுகிறார் என்றால் கேட்கவில்லை என்று பொருள்.

பணம். பார் கவுன்சில் விதிகளில் 46ஆவது விதி, ஏழைக்கு இலவசமாக வழக்காடுவது ஒரு வழக்கறிஞர் சமூகத்துக்குச் செய்ய வேண்டிய மிக உயர்ந்த கடமைகளில் ஒன்று என்கிறது. அச்சகச் செலவை யார் தருவார்கள் என்று சொல்லவில்லை. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் குழு வழக்கறிஞராகச் சேருங்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆவது பிரிவு இலவச உதவி பெறத் தகுதியுள்ளவர்களைச் சொல்லும்போது பெண்கள், குழந்தைகள், காவலில் இருப்பவர்கள் என்கிறது; குடிமகனாக இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. உங்கள் கட்சிக்காரரும் மகளும் பெண்கள் என்ற ஒரே தகுதியில் உள்ளே வந்துவிடுவார்கள். சிறிய தொகையானாலும் முறையாக வரும், கோப்புக்கு அரசு முத்திரையும் கிடைக்கும், கியூ பிரிவின் கேள்விக்கு அதுவே பதிலும் ஆகும். வெளிநாட்டிலிருந்து நல்ல மனத்தோடு பணம் அனுப்ப முன்வருவார்கள். உங்கள் சொந்தக் கணக்கில் நன்கொடை என்று ஒரு ரூபாயும் வாங்காதீர்கள். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் எங்கே பாயும் என்று ஆடிட்டரைக் கேளுங்கள்.

யாரைப் பார்ப்பது என்று கேட்டிருந்தீர்கள். 1984 முதல் முகாம்களில் வேலை செய்யும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தினரிடம் பழைய பதிவுகளைப் பற்றிய அறிவு அதிகம். பிறப்புப் பதிவு, திரும்பிச் செல்லும் நடைமுறை இரண்டையும் அவர்களிடம் கற்கலாம். ஆப்கானியர், மியான்மர் நாட்டவர் போன்றோரின் தஞ்சக் கோரிக்கையை ஐ.நா. அகதிகள் முகமை நேரடியாக விசாரிக்கிறது. இலங்கைத் தமிழர் விஷயம் அரசின் கையில். முகமையின் விசாரணைக்கு ஒருவரைத் தயார்செய்வது தனிக்கலை, டெல்லியில் 2013 முதல் இயங்கும் மைக்ரேஷன் அண்ட் அசைலம் ப்ராஜெக்ட் போன்ற சட்ட மையத்தில் சில வாரங்கள் இருந்து பார்த்தால்தான் பிடிபடும். உங்கள் ஊரிலேயே மத்தியச் சிறை வளாகத்தில், வழக்கில் சிக்கிய வெளிநாட்டவரை வைத்திருக்கும் சிறப்பு முகாமை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். அங்கே இருப்பது காவல் அல்ல, நடமாட்டக் கட்டுப்பாடுதான் என்பது அரசின் வாதம். உயர் நீதிமன்றமே அதை ஏற்ற தீர்ப்புகள் உண்டு. பூட்டிய கதவுக்குப் பின்னால் இருப்பவர் காவலில் இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை, ஆனால் அதை உடைக்க மூன்று வருட அனுபவமும் ஆட்கொணர்வு மனு ஒன்றும் போதாது. அந்த வழக்குகளை நடத்தும் மூத்தவர் ஒருவரின் கோப்பைச் சுமந்துகொண்டு கொஞ்ச காலம் போய் வாருங்கள்.

முகாமில் இலவசச் சட்ட ஆலோசனை முகாம் நடத்தலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். பந்தல், பேனர், சால்வை, புகைப்படம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். வந்தவர்கள் கொடுத்த மனுக்கட்டு யாருடைய மேசையில் தூங்குகிறது என்று ஆறு மாதம் கழித்து ஒருவருக்கும் தெரியாது. இந்த ஒரு குடும்பத்தின் கோப்பை முடியுங்கள்.

வரும் வாரம் செய்ய வேண்டியது இவ்வளவுதான். அந்த அம்மாவிடம் அவருடைய தகப்பனார் உயிரோடு இருக்கிறாரா, தோட்டத்தின் பெயர் என்ன, எந்தத் துரை (தோட்ட மேலாளர்) காலத்தில் அங்கே இருந்தார்கள் என்று கேளுங்கள். பெட்டியிலிருக்கும் எல்லாக் காகிதத்தையும், வேண்டாதது என்று அவர் ஒதுக்குவதையும் சேர்த்து, எடுத்துவரச் சொல்லுங்கள். அவர் முன்னிலையிலேயே நகல் எடுத்து, அசலை அன்றே அவர் கையில் திருப்பிக் கொடுத்து, கொடுத்ததற்கு ஒரு பட்டியலில் கையெழுத்து வாங்குங்கள். பாஸ்போர்ட் நிராகரிப்புக் கடிதத்தில் மேல்முறையீட்டுக்குக் காலக்கெடு இருக்கும். நீங்கள் தேதியைக் குறிப்பிடவில்லை. இன்றைக்கே அதைப் பாருங்கள். கெடு நெருங்கியிருந்தால் அந்த மேல்முறையீட்டை மட்டும் உடனே போடுங்கள், தாயின் குடியுரிமையைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாமல், ஆவணங்கள் சேகரிப்பில் உள்ளன, தாக்கல் செய்ய அவகாசம் தேவை என்று.